பாவைத் தொழிலும் சங்கத்தின் பொறுப்பும்

கொல்லிமலையின் பெயரோடு பாவை என்னும் சொல் சங்க காலந்தொட்டு இணைந்தே வழங்கி வருகிறது. நற்றிணையும் குறுந்தொகையும் கொல்லிப்பாவையைக் குறிப்பிடுகின்றன. காண்போர் உள்ளத்தைக் கவரும் அந்தப் பாவையைத் தெய்வம் அமைத்தது என்பது பழையோர் நம்பிக்கை. நாம் இங்கே ஆராயப் புகுவது மனிதர் கையால் அமைக்கும் பாவைகளைப் பற்றியே. பைல் நாட்டுப் பயிராளரும் மலையடிவாரத்து நெசவாளரும் ஒன்று கூடி, துணிப் பொம்மைகளையும் பண்டிகை அலங்காரப் பொருள்களையும் ஓர் உபதொழிலாகச் செய்ய இயலுமா? செய்தால் கூலி கட்டுமா? சங்கம் இதில் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்றுமே இப்பாடத்தின் பொருள்.

முடிவை முதலிலேயே கூறிவிடலாம். பொம்மைத் தொழிலில் ஏழ்மை வருவது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அன்று. வேலை பல மாதங்கள் நடக்கிறது. விற்பனையோ சில நாட்களில் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை எவருடைய பணம் தாங்குகிறதோ, அவரே விலையை நிர்ணயிக்கிறார்.

பிற ஊர்கள் கற்பிப்பவை

மதுரையை அடுத்த விளாச்சேரியில் மண்ணாலும் காகிதக் கூழாலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் பல உள்ளன. ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் என்று மூன்று பண்டிகைகளுக்கும் அவர்கள் பொருள் செய்கின்றனர். ஒரே கைத்திறன் மூன்று சந்தைகளைக் காண்கிறது. ஒரு பண்டிகையில் தேங்கிய முதலை அடுத்த பண்டிகை ஓரளவு மீட்டுத் தரும். பண்டிகைப் பொருள் செய்வோர் ஒரே பண்டிகையை நம்பியிருத்தல் ஆகாது என்பது இங்கே கற்கத்தக்க முதற் பாடம்.

கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிப் பொம்மை செய்கின்றனர். அங்கே ‘ஆலெ மரம்’ எனப்படுவது நாம் வெட்பாலை என்று அழைக்கும் மரமேயாகும். ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் ‘தெல்ல பொணிக்கி’ என்னும் இலேசான மரத்தைச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கூழால் உறுப்புகளை ஒட்டுகின்றனர். ஒரு மரத்தையே நம்பிய தொழிலுக்கு அம்மரம் அரிதாகும்போது இடையூறு நேருகிறது. நம்முடைய மலையிலும் காட்டு மரத்தை வெட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆதலால் ஆண்டுதோறும் வயலிலும் தறியிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தொடங்குவதே நமக்கு உகந்தது. இஃது இரண்டாம் பாடம்.

மூன்றாம் பாடம் கடல் கடந்து வருகிறது. ஜெர்மனி தேசத்துத் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்றோர் ஊர் உண்டு. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளை 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரார் குடிசைத் தொழிலாகச் செய்தனர். ஒருவர் கண்ணாடியை ஊத, வீட்டுப் பெண்டிர் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு ஏற்ற, சிறுவர்கள் கூட வண்ணம் தீட்டினர். 1880ஆம் ஆண்டளவில் உல்வொர்த் என்னும் அமெரிக்க வணிகர் இவற்றை வாங்கி விற்கத் தொடங்கினார். விரைவில் பெரும் வியாபாரம் வளர்ந்தது. அண்டை நகரமாகிய சோனபெர்க்கோ பொம்மைகளுக்கு உலகப் புகழ் பெற்றது. சரக்கு நாடு நாடாகச் சென்றது. ஆயினும் வீட்டில் இருந்து உழைத்தவரின் வருவாய் சொற்பமாகவே இருந்தது. நகரத்துப் பெருவணிகரே ஆர்டர் கொடுத்தனர். விலை கூறியவரும் அவரே. திறமையும் இருந்தது, சந்தையும் இருந்தது; இடையில் உழைப்பாளரின் சொந்த அமைப்பு ஒன்று வலுவாக இல்லை.

நம்மிடம் உள்ளவை

நெசவாளர் பக்கத்தில் காடாத் துணி, வெட்டுத் துணி, அறுந்த நூல், பாவு முனையில் மிஞ்சும் நூல் ஆகியவை உள. பயிராளர் பக்கத்தில் காப்பித் தூள் உண்டு; இலவமரம் உடையோரிடம் பஞ்சு உண்டு; தினை, சாமை, நெல் ஆகியவற்றின் கதிரும் தாளும் உண்டு. காப்பியை இங்கே சேர்த்தது வேடிக்கைக்கன்று. மேனாடுகளில் பழைய காலத்துக் கந்தல் பொம்மையைப் போன்று புதிதாகச் செய்யப்படும் பொம்மைகளை விரும்பி வாங்குவோர் உள்ளனர். அத்துணிக்குப் பழுப்பேற்றுவது காப்பி அல்லது தேயிலைச் சாறே. நம் துணியும் நம் காப்பியும் ஒரு பொருளில் சேர இது நல்ல வாய்ப்பு.

செய்முறை

ஒரு சாண் உயரமுள்ள துணிப் பொம்மையைத் தொடக்கத்திற்கு எடுத்துக்கொள்ளலாம்.

1. காடாத் துணியைச் சுடுநீரில் அலசிக் கஞ்சியைப் போக்குக. பின்னர்ச் சுருங்காமல் இருக்க இஃது அவசியம்.

2. பழுப்பு நிறம் வேண்டின், காப்பித் தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அச்சாற்றில் துணியை அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துக. ஈரம் சிறிதும் இருத்தல் கூடாது. மலைக்குளிரில் பூஞ்சணம் எளிதில் பற்றும். இந்நிறம் துவைத்தால் மங்கும். ஆகவே சீட்டில் ‘துவைக்க வேண்டாம்’ என்று எழுதுக.

3. தலையும் உடலும் கைகால்களும் ஒரே உருவாக அமையும்படி அட்டையில் மாதிரி வெட்டுக. சங்கத்தில் எல்லோரும் ஒரே அட்டையைப் பயன்படுத்தினால்தான் நூறு பொம்மைகளும் ஒரே அளவாக இருக்கும். மொத்தமாக வாங்குவோர் முதலில் பார்ப்பது இதையே.

4. துணியை இரண்டாக மடித்து மாதிரியை வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாகத் தைத்து, விரல் அகலம் வெளியே விட்டு வெட்டுக. கழுத்து, அக்குள் முதலிய வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் இடுக. விலாவில் விட்ட திறப்பின் வழியே உட்புறம் வெளிவரத் திருப்புக.

5. இலவம் பஞ்சைச் சிறிது சிறிதாகக் குச்சியால் தள்ளி, கைகால்களை முதலிலும் உடலைப் பின்னரும் நிரப்பித் திறப்பைத் தைத்துவிடுக. பஞ்சு பறக்குமாதலால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க. இப்பஞ்சு எளிதில் தீப்பற்றும். வேலை செய்யும் இடத்தில் விளக்கோ அடுப்போ கூடாது.

6. கண்ணும் வாயும் கருநூலால் தைக்கப்படட்டும். பொத்தானும் மணியும் குழந்தையின் வாய்க்குள் போகக்கூடும். குன்றிமணியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. அது கொடிய நஞ்சுடையது. கூந்தலுக்கு நூல் கழிவும், உடைக்கு வெட்டுத் துணியும் போதும்.

முகத்தை அழகாக்க வேண்டும் என்று பிற ஊர்ப் பொம்மைகளைப் பின்பற்ற வேண்டுவதில்லை. நம் மலைப் பெண்கள் தலையில் சுமை தாங்குவதும், மிளகுக் கொடியில் ஏறிக் காய் பறிப்பதும், உரலில் சாமை குத்துவதும் பொம்மையாகலாம். கொலுப்படியில் வைக்கும் ஊர்க் காட்சிகளுக்கு இவை பொருந்தும்.

கதிர்த் தோரணத்திற்கு, மணி முற்றிலும் உதிரும் முன்பே கதிரைத் தாளுடன் அறுத்து நிழலில் உலர்த்தி மூன்று புரியாகப் பின்னுக. வாசலில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தாளை நட்சத்திரமாகக் கட்டினால் அதுவே கிறிஸ்துமஸ் அலங்காரமாகும்.

கூலிக் கணக்கு

கீழ்வரும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்கு மட்டுமே. தத்தம் ஊர் விலையை இட்டு மீண்டும் கணக்கிடுக. ஒரு டஜன் பொம்மைக்குத் துணி, நூல், பஞ்சு ஆகியவற்றின் செலவு ரூ. 360. சீட்டு, பை, சேதம் ஆகியவற்றிற்கு ரூ. 120. பொம்மை ஒன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 24 மணி, அதாவது 8 மணி நேர வேலையாக 3 நாள். நாளொன்றுக்குக் கூலி ரூ. 400 என்றால் ரூ. 1,200. ஆக மொத்தம் ரூ. 1,680, பொம்மை ஒன்றின் அடக்கவிலை ரூ. 140.

இப்பொழுது ஆனி மாதத்தில் பள்ளிச் செலவிற்கு ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பொம்மை ஒன்றுக்கு ரூ. 90 என்று ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். டஜனுக்குக் கிடைப்பது ரூ. 1,080. செலவு ரூ. 480 நீங்கினால் மிச்சம் ரூ. 600. மூன்று நாள் உழைப்பிற்கு நாளொன்றுக்கு ரூ. 200! கூலியில் சரிபாதி போய்விட்டது. அவரோ கையில் ஆயிரம் ரூபாய் வந்ததென்று மகிழ்ந்திருப்பார். தம் வீட்டு உழைப்பைக் கணக்கில் எழுதாதவருக்கு இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. வீட்டுப் பெண்கள் மாலையில் ‘சும்மா’ தைத்தது என்று நேரத்தைத் தள்ளிவிடுதல் பெருந்தவறு. அவர்கள் நேரமே இத்தொழிலின் முதன்மையான மூலதனம்.

சங்கம் செய்ய வேண்டியவை

இந்திய நாட்டில் 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமே உற்பத்தி, விற்பனை போன்ற பிற சங்கங்களுக்கும் வழி திறந்தது. கடன் மட்டும் கொடுத்து விற்பனையை உறுப்பினர் தலையில் விட்டுவிடும் சங்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

தானிய ஈட்டுக் கடன் நம் பயிராளர் அறிந்ததே. விளைபொருளைக் கிடங்கில் வைத்து, மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்று, நல்ல விலை வரும்வரை காத்திருக்கிறோம். அம்முறையையே பொம்மைக்கும் அமைக்கலாம். பொம்மையைச் சங்கம் தரம் பார்த்து ஏற்றவுடன் மதிப்பின் ஒரு பகுதியை முன்தொகையாகக் கொடுப்பதும், விற்ற பின் செலவு போக எஞ்சியதை அளித்துக் கணக்கு முடிப்பதும் முறையாகும். துணிப் பொம்மை மண் பொம்மையைப் போல் உடைவதில்லை. ஈரமும் பூச்சியும் அணுகாமல் வசம்புத் துண்டுகளுடன் கட்டி வைத்தால் அடுத்த பண்டிகை வரை காக்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உறுப்பினர் செய்ததை எல்லாம் வரம்பின்றி ஏற்பதும், கடைகளுக்குக் கடனாகச் சரக்கை அனுப்பிவிட்டு வசூலுக்கு அலைவதும் சங்கத்தின் முதலையே விழுங்கிவிடும். முதலாண்டில் சிறு தொகைக்கு மட்டும் ஏற்பது என்று பொதுப் பேரவையில் தீர்மானித்தல் நலம்.

காலத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை மழை குறைவு. துணி உலரும், கையும் ஓய்வாக இருக்கும். அப்பொழுதே பொம்மை செய்க. ஆடியில் செம்மேட்டில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவில் மாதிரிகளைக் காட்டி மக்கள் கருத்தறிக. புரட்டாசிக் கொலுவிற்கும் மார்கழிக் கிறிஸ்துமஸிற்கும் ஆர்டரைத் தனித்தனியே பெறுக. 1973இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமாகிய பூம்புகார் நடத்தும் கொலுக் கண்காட்சியையும் விசாரிக்கலாம். காப்பி பறிக்கும் மாதங்களில் பொம்மை வேலையைத் தள்ளி வைக்கவேண்டும். உபதொழில் முதல் தொழிலைத் தின்னலாகாது.

சட்டமும் நாணயமும்

பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2020 என்பது 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்பது அதன் விதி. மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் அபிவிருத்தி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆதலால் முதல் பொம்மை விற்குமுன்பே உறுப்பினர் தத்தம் பெயரில் கைவினைஞர் அடையாள அட்டை பெறுக. சங்கத்தின் பெயரால் விற்பதும் இவ்விலக்கில் அடங்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டுத் தெளிவடைதல் செயலாளர் கடமை.

பழுப்பேற்றிய பொம்மையை ‘பழைய காலத்துப் பொம்மை’ என்று விற்பது மோசடியாகும். ‘பழமைத் தோற்றமுடைய புதுப் பொம்மை’ என்று சீட்டில் தெளிவாக எழுதுக. சங்கத்தின் முத்திரைக்கு மதிப்பு வருவது இத்தகைய சொற்களால்தான். செய்தவர் பெயரும் ஊரும் சீட்டில் இருப்பின் வாங்குவோருக்கு நம்பிக்கை மிகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா நிறுவனத்தின் முயற்சியால் மீனவக் குடும்பப் பெண்கள் கழிவுத் துணியில் ‘சுனாமிகா’ என்னும் சின்னஞ்சிறு பொம்மையைச் செய்தனர். விலையின்றி அன்பளிப்பாகவே அது நாடு கடந்து சென்றது. நன்கொடை அம்முயற்சியைத் தாங்கியது. நாம் விலைக்கு விற்பவர். அம்முறை நமக்குப் பொருந்தாது. எனினும் ஒரு சாண் துணிகூடத் தன்னைச் செய்தவரின் வரலாற்றைச் சுமந்து செல்லும் என்பதற்கு அது சான்று.

கல்வி வட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் சிற்றூரில் ஒரு பெண் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இத்தொழிலுக்கு ஒதுக்க இயலும்? அந்நேரத்திற்கு உரிய கூலி யாது?

2. துணி, பஞ்சு, காப்பித் தூள் ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாக வாங்கினால் அடக்கவிலை எவ்வளவு குறையும்?

3. விற்காமல் மிஞ்சும் சரக்கின் நஷ்டத்தை உறுப்பினர் ஏற்பதா, சங்கம் ஏற்பதா, இருவரும் பகிர்வதா?

மூன்றாம் வினாவிற்கு விடை கண்ட பின்னரே முதல் பொம்மைக்குத் துணி வெட்டுக. விற்பனை நடந்த பிறகு தொடங்கும் விவாதம் சண்டையில் முடியும். முன்னரே எழுதிக் கையொப்பமிட்ட தீர்மானம் சங்கத்தைக் காக்கும்.