அழுங்கு வந்து போகும் வீட்டுத்தோட்டம்

ஐரோப்பாவில் முள்ளெலிக்காக வேலியில் வழி விடுகிறார்கள். முள்ளெலி இலங்கையில் இல்லை. பயந்தால் அதைப்போலவே பந்தாகச் சுருளும் அழுங்கு நம்மிடம் உண்டு. பல்லில்லாத இப்பிராணி நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கித் தின்னும். மரவள்ளியைத் தோண்டுவது முள்ளம்பன்றி. அந்தப் பழியை இதன்மேல் போடலாகாது.

எல்கடுவயில் புதிதாகக் காணி திருத்துகிற நாம் ஒரு மூலையில் உக்கிய கட்டையையும் புற்றையும் விட்டுவைப்போம். அங்கே பூச்சிமருந்து வேண்டாம். வேலியடியில் இடைவெளி இருக்கட்டும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக்கம்பியும் மின்கம்பியும் அழுங்கையும் கொல்லும் (மின்கம்பி அயலவரையும் கொல்லும்). இரவில் கண்டால் நாயைக் கட்டுங்கள். தூக்காமல் விலகி நின்றால் தானே போய்விடும்.

செதில் மருந்தென்பது வீண்பேச்சு. அது நமது நகம் போன்ற பொருளே. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். கொல்வதும் விற்பதும் குற்றம்; 2017 முதல் சர்வதேச வியாபாரமும் தடை. காயப்பட்டதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.