பாதம் மரத்துப்போனால் பதற்றம் வேண்டாம்

பாதத்தில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு கடைக்குத் திரும்பும் அன்பர்களிற் சிலர், "புண் ஆறிவிட்டது, விரலில் உணர்ச்சிதான் இல்லை" என்று வருந்துவர். காரணம் தெரிந்தால் கலக்கம் தீரும்.

தோலின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்பவை நரம்புகள். அவற்றுக்கு நேரும் சேதத்தை ஆங்கில டாக்டர் ஸெடன் 1943-ல் மூவகையாகப் பிரித்தார். நரம்பு நசுங்கியும் இழை அறாதிருந்தால், பெரும்பாலும் சில வாரங்களில் உணர்ச்சி திரும்பும். உள்ளிழை அறுந்து உறை நிலைத்திருந்தால், அவ்வுறை வழியே புதிய இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். சேதமுற்ற இடத்திலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால், 6 மாதத்துக்குக் குறையாது. நரம்பு முழுதும் துண்டிக்கப்பட்டால், தானாகக் கூடுவது அரிது, தைக்க வேண்டிவரலாம்.

வளர்ச்சியை அறிய ஒரு வழியுண்டு. 1915-ல் பிரெஞ்சு டாக்டர் டினெல் அதை விளக்கினார். நரம்பின்மீது மெல்லத் தட்டினால் எறும்பு ஊர்வதுபோல் கூச்சம் தோன்றும். அக்கூச்சம் மாதந்தோறும் விரலை நோக்கி நகர்ந்தால் நற்குறி. ஒரே இடத்தில் நின்று சுரீரென வலித்தால் டாக்டரிடம் காட்டுக.

உணர்ச்சி திரும்பும்வரை கண்ணே காலுக்குக் காவல். இரவுதோறும் உள்ளங்காலைப் பாருங்கள். காலணியை உதறி அணியுங்கள். வெந்நீரைக் கையால் சோதித்த பின்னரே காலில் ஊற்றுங்கள். நீரிழிவுள்ளோருக்கு நரம்பு தாமதமாகவே வளருமாதலால், சர்க்கரையை அடக்குவது அவர்தம் முதற்கடமை.

தவணைக் கடன்போல் உணர்ச்சியும் சிறுகச் சிறுகவே வந்துசேரும். அதுவரை முதலைக் காப்பதன்றோ வியாபாரிக்கு அழகு!