மலிவான மடக்குக் கத்தியின் தராதரம்

மாணவர் கைக்கொள்ளும் கருவிகளுள் எழுதுகோலுக்கு மிக நெருங்கிய உறவுடையது மடக்குக் கத்தியேயாம். இதனை நம் நாட்டார் பேனாக்கத்தி என்று வழங்குவர். பறவையின் இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அவ்விறகின் முனையைச் சீவித் திருத்துதற்கென்றே மேனாட்டார் சிறு கத்தியொன்றை உடன் வைத்திருந்தனர். இறகு ஒழிந்த பின்னரும் கத்தியின் பெயர் ஒழிந்திலது. தமிழ்ப் புலவர்க்கும் இத்தகைய கருவி புதியதன்று. மடக்கெழுத்தாணி எனப்படுவது, எழுத்தாணியையும் ஓலை வாருதற்குரிய சிறு கத்தியையும் ஒரே பிடியினுள் மடக்கி வைக்குமாறு அமைந்ததாகும். மரத்தினாலும் மாட்டுக்கொம்பினாலும் தந்தத்தினாலும் அதற்குப் பிடி அமைத்தனர். ஏடும் எழுத்தாணியும் வழக்கொழிந்தன. எனினும், பென்சில் சீவுதற்கும் பழம் நறுக்குதற்கும் பொதி கட்டிய கயிற்றை அறுத்தற்கும் மடக்குக் கத்தி இன்றும் வேண்டப்படுகின்றது.

இங்கு யாம் ஆராயப் புகுந்தது விலையுயர்ந்த கத்தியைப் பற்றியன்று. பெரும்பொருள் கொடுத்து வாங்குவான் ஏமாறினும் மற்றொன்று வாங்குவன். சிறுபொருள் உடையானோ ஒருமுறையே வாங்க வல்லன். ஆதலின் ஆராய்ச்சி அவனுக்கே இன்றியமையாதது. மலிவாக விற்க வேண்டிய தொழிலாளி யாதானும் ஒன்றைக் குறைத்தே ஆதல் வேண்டும். எதனைக் குறைத்தான் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. அலங்காரத்தைக் குறைத்து அலகைக் காத்தானாயின் அக்கத்தி நன்று. அலகைக் குறைத்து அலங்காரத்தைக் காத்தானாயின் நம் கையில் இருப்பது கத்தியின் சாயல் மட்டுமே. கடையின் கண்ணாடிப் பெட்டியில் முதற்கண் பளபளத்துத் தோன்றுவது பெரும்பாலும் இப்பிந்திய வகையாயிருப்பதுதான் துன்பம்.

முந்திய வகைக்கு ஏற்ற சான்று பிரான்சு நாட்டின் சவாய்ப் பகுதியில் தோன்றிய ஒப்பினெல் கத்தி. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் கோடரியும் அரிவாளும் அடித்து விற்ற குடியிற் பிறந்த ழோசெப் ஒப்பினெல் என்பார், 1890-ஆம் ஆண்டில், தம் 18-ஆம் வயதில் இதனை வகுத்தார். (அவ்வயதைக் கடந்தும் யாம் இன்னும் ஒரு பென்சிலையும் ஒழுங்காகச் சீவக் கற்றிலோம் என்பது வேறு செய்தி.) 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பல அளவினவாகச் செய்யத் தொடங்கினர். அவற்றுள் 8-ஆம் எண்ணுடையதே பலர் கையிலும் காணப்படுவது. அதன் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அலகு, மரப்பிடி, ஊடு செல்லும் தறையாணி, பிடியின் தலையில் ஒரு நிலைப்பூண், அதன்மேற் சுழலும் மற்றொரு பூண் ஆகிய 5 உறுப்புக்களே இக்கத்திக்கு உள்ளன. வில் இல்லை, பித்தளைத் தகடு இல்லை, கொம்பு இழைத்த பூவேலை இல்லை. பிடி பீச் என்னும் மரத்தைக் கடைந்து, அலகு அடங்குதற்கு ஒரு பிளவு அறுத்து முடித்தது. இங்ஙனம் மிச்சப்படுத்திய செலவு எங்கே சென்றது என்று நோக்குவார்க்கு, மெல்லிதாய்ச் சாணை பிடித்த அலகு விடை கூறும்.

இதன் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. மரப்பிடி நீர் பட்டால் உப்பும். அப்போது அலகு பிளவினுள் இறுகி, நகத்தால் இழுப்பினும் வாராது. சவாய் நாட்டார் பிடியின் வாற்புறத்தைக் கடினமான பொருளொன்றன் மேல் தட்டுவர். அலகு சிறிது வெளிவரும். பின்னர் அதனைப் பற்றித் திறப்பர். நம் ஊர் மழைக்காலத்திலும் இஃது இங்ஙனமே நிகழும். ஆயினும் இக்குறை கண்ணுக்குத் தெரிவது. உடையவனுக்கு முன்னரே அறிவித்து நிற்பது. மறைந்திருந்து ஒருநாள் கையை அறுக்கும் குறையையே யாம் அஞ்சுகின்றோம்.

இனி அலகின் ஆராய்ச்சி. அலகு எஃகினாலாயது என்னும் துணையானே நன்றாகிவிடாது. எஃகிற் கலந்த கரியின் அளவு, அதற்கு இட்ட தோய்ச்சல், சாணையின் மெல்லிமை ஆகிய மூன்றும் பொருந்தல் வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரியுடைய எஃகை 800 பாகை செல்சியசு அளவில் செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயில் விரைவில் தோய்ப்பின், அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். ஆகவே மீண்டும் 200 பாகைக்குச் சிறிது மேலாக மெல்லெனக் காய்ச்சி ஆற்றுவர். துலக்கிய எஃகின் முகம் அப்போது வைக்கோல் நிறம் கொள்ளும். கொல்லர் பண்டு தொட்டு அந்நிறத்தையே அளவுகோலாகக் கொண்டனர். இவ்விரண்டாவது காய்ச்சலில் அவசரப்பட்டால் வாய் உடையும். மிகையாகக் காய்ச்சினால் வாய் மழுங்கும். ஏமாற்ற விரும்புவான் காலத்தை மிச்சப்படுத்துவதும் இங்கேதான். இதனைக் கண்ணாற் கண்டறிதல் அரிது.

கைத்தொழிலாளர் இதனை அறியும் சோதனைகள் சில உள. அலகின் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்தால், நல்ல தோய்ச்சல் பெற்ற எஃகின் மேல் அரம் வழுக்கும். மென்மையான எஃகை அது கவ்விப் பிடிக்கும். பித்தளைக் கம்பியொன்றின் மேல் கூரிய வாயைச் சாய்த்து அழுத்தினால், வாய் சிறிது வளைந்து மீள வேண்டும். வளைந்தவாறே நின்றால் தோய்ச்சல் போதாது. துணுக்காகச் சிதறினால் தோய்ச்சல் மிகை. கடைக்காரர் எவரும் தம் சரக்கின் மேல் அரத்தையும் பித்தளைக் கம்பியையும் இழுக்க இசையார் என்பது யாம் அறியாததன்று. எனவே வாங்கிய பின்னர்த் தீட்டுகல்லே நமக்கு நீதிபதி. நன்கு தோய்த்த அலகைத் தீட்டும்போது தோன்றும் பிசிர், சில இழுப்பில் உதிர்ந்து போகும். மென்மையான அலகின் பிசிரோ இப்பக்கம் தீட்டினால் அப்பக்கமும், அப்பக்கம் தீட்டினால் இப்பக்கமும் மடிந்து, எத்துணை நேரமாயினும் விடாது தொங்கும். நண்பர் ஒருவர் கையில் அவ்வகைக் கத்தி இருப்பின், வாங்குமுன் அவரிடம் இதனைக் கேட்டறிதல் பெரும்பயன் தரும்.

கடையிலேயே காணத்தக்கது அலகின் வடிவம். கத்தியைத் திறந்து, வாயைக் கண்ணுக்கு நேராக வைத்து, முதுகிலிருந்து வாய்வரை அலகு எங்ஙனம் மெலிந்து வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். முதுகிற் பருத்தும் வாயை நோக்கச் சீராக மெலிந்தும் இருப்பது நறுக்கும். வாய்க்கு மேலேயே தடித்து நின்று, ஓரத்தில் மட்டும் திடீரெனச் சரிந்து கூர்மை பெற்றிருப்பது, புதிதாக இருக்கும்போது தாளை அறுத்துக் காட்டும். பச்சை மாங்காயில் வைத்து அழுத்தினாலோ நறுக்குமுன் பிளந்துவிடும். தாளை அறுத்துக் காட்டுவது கடைக்காரர் எல்லார்க்கும் கைவந்த வித்தை. அதனாற் கத்தியின் குணம் அறியப்படாது. மாங்காய் ஒன்றைக் கையிற் கொண்டு கடைக்குச் செல்வோமாயின் நகைப்பர். எனினும் அது தக்க சோதனையே.

பொருத்தைப் பற்றிச் சிறிது விரித்தே கூறல் வேண்டும். ஏனெனில் விரல்கள் இதனை நம்பியுள்ளன. ஒப்பினெல் கத்தி தோன்றி 65 ஆண்டுகள் வரை அதற்குப் பூட்டு இல்லை. அலகு பிடியினுள் உரசி நிற்கும் இறுக்கமே காவலாயிருந்தது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் என்பார் மேற்சொன்ன சுழல்பூணை அமைத்தார். திறந்த பின் அதனைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. இவ்வளவு எளிய பூட்டு வேறில்லை என்றே எண்ணுகின்றோம். இக்காலத்து மலிவான கத்திகள் பலவற்றில் பல்வேறு பூட்டுக்கள் உள. மாணவர் அவற்றைக் கண்டு மயங்குகின்றனர். பூட்டு இல்லாக் கத்தியை உடையவன் விரலை விலக்கியே வேலை செய்வான். உறுதியற்ற பூட்டை உடையவன் நம்பி அழுத்துவான். எம் விடுதி நண்பர் ஒருவர் கடைத்தெருவிற் குறைந்த விலைக்கு வாங்கிய பூட்டுக் கத்தியால் தேங்காய்க் கீற்றை நெம்பியபோது, பூட்டு விட்டு அலகு மடங்கி, சுட்டுவிரலில் மூன்று தையல் போடும்படி ஆயிற்று. பூட்டுடைய கத்தியாயின், விரல்களை அலகின் வழியினின்று விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசையோரத்தில் மெல்ல அழுத்திப் பார்த்த பின்னரே வாங்கல் வேண்டும். பக்கவாட்டிற் சிறிது ஆடுவது பெருங்குற்றமன்று. மடங்கும் திசையில் ஆடுவதை ஏற்றல் ஆகாது.

வில்லுடைய கத்திகளின் முறை வேறு. பிரான்சு நாட்டுத் தியேர் என்னும் ஊர் கத்தித் தொழிலிற் பெயர் பெற்றது. முற்காலத்தில் அங்குள்ள சாணைத் தொழிலாளர் கல்லின் மேற் குப்புறப் படுத்தவாறே வேலை செய்தனர் என்றும், குளிர் தாங்குதற்கு நாய்களைத் தம் கால்களின் மேற் கிடத்திக்கொண்டனர் என்றும் அறிகின்றோம். அவ்வூரில் 1929 முதல் டூக் டூக் என்னும் கத்தி செய்யப்பட்டு வருகின்றது. அதன் பிடி மடித்த இரும்புத் தகடே. முதுகில் வலிய வில்லொன்று உண்டு. இத்தகைய கத்தியைச் செவியால் ஆராய்தல் வேண்டும். திறந்து முடியும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்னும் தெளிந்த ஓசை எழுமாயின் வில் நன்று. மந்தமாக, ஓசையின்றி வழுகி நிற்குமாயின் வில் தளர்ந்தது. வில்லுக்கும் பிடியின் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தோன்றுகின்றதா என்பதையும் விளக்கொளியிற் பிடித்துப் பார்க்கலாம்.

ஜப்பான் நாட்டு மீக்கி நகரத்தின் ஹிகோநோகாமி இவையனைத்தினும் எளியது. மடித்த தகடு ஒன்று, அலகு ஒன்று, தறையாணி ஒன்று, வேறில்லை. அலகின் அடியில் வால்போல் நீண்ட சிறு நெம்புகோலைப் பெருவிரலால் அழுத்திக் கொள்வதே அதன் பூட்டு. பண்டு அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் யாவரும் இதனாலேயே பென்சில் சீவினர். 1960-ஐ ஒட்டிச் சிறுவர் கையிற் கத்தி ஆகாது என்னும் இயக்கம் எழவே, தொழில் நலிந்தது. இன்று அப்பெயரை முறையாகத் தாங்கிச் செய்யும் பட்டறை ஒன்றே எஞ்சியுள்ளது. இவ்வகைக் கத்திகளுட் சிலவற்றின் அலகில், நடுவே வலிய எஃகும் இருபுறமும் மென்மையான இரும்பும் இணைந்திருக்கும். இரண்டும் கூடும் எல்லை, வாய்க்குச் சற்று மேலே அலைபோல் நெளிந்து தோன்றும். பொருத்துத் தளர்ந்தால் தறையாணியின் தலையைச் சுத்தியலால் இருமுறை தட்டினாற் போதும். உடையவனே செப்பனிடக் கூடிய கத்தி என்பது மலிவான கத்திக்கு உயர்ந்த நற்சான்று என்பது எம் கருத்து.

முத்திரையை நம்பி வாங்குவாருக்கு ஒரு சொல். லயோல் என்பது பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றன் பெயர். ஒரு தொழிற்சாலையின் பெயரன்று. அப்பெயரும், வில்லின் மேல் ஒரு தேனீயும் பொறித்த கத்திகள் வெகு தொலைவிலுள்ள வேற்று நாடுகளிலும் செய்யப்பட்டு மலிவாக விற்கப்படுகின்றன. தம் ஊர்ப்பெயரே பிறர் உடைமையாயிற்று என்று வெகுண்ட அவ்வூரார் 2012-இல் ஊரின் பெயர்ப்பலகையையே கழற்றித் தம் எதிர்ப்பைக் காட்டினர். இது புதிய வழக்குமன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முன்னர், ஜெர்மானியக் கத்திகள் ஷெபீல்டு நகர முத்திரையுடன் விற்கப்படுகின்றன என்ற முறையீடு எழுந்தது. 1887-இல் ஆங்கில அரசாங்கம் வணிகக் குறிச் சட்டம் இயற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் 1938-இல், ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரமும் தன் பெயரைக் காத்துக்கொள்ளச் சட்டம் பெற்றது. ஆகவே முத்திரையை இறுதியிற் படித்தலே முறை.

துருவேறா எஃகைப் பற்றி மாணவர் பலர் வினவுகின்றனர். ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி என்பார் 1913-இல் அதனைக் கண்டபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைத் தொழிலாளர் எள்ளினர். இன்று அந்நிலை இல்லை. நல்ல துருவேறா எஃகு நன்றாகவே வெட்டும். கடற்கரை ஊரினர்க்கும், கத்தியைத் துடைக்கச் சோம்புவார்க்கும் அதுவே ஏற்றது. தீட்டுதற்கு எளிமை கருதி யாம் கரியெஃகையே விரும்புகின்றோம்.

கரியெஃகுக் கத்தி வாங்கியவர் முதல் நாள் எலுமிச்சையை நறுக்கிவிட்டு, மறுநாள் அலகு நீலமும் சாம்பலுமாய் மாறியிருப்பது கண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடுதல் வேண்டா. புளிப்புப் பட்ட எஃகு அங்ஙனம் நிறம் மாறுதல் இயல்பு. அம்மெல்லிய போர்வை துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். செந்நிறப் பொடி படிந்திருப்பின் அது துரு; சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி மடக்கி வைக்க.