பெருந்தொற்றுக் காலத்தில் சிறுதொழில்களுக்கு வந்தது என்ன? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவும் அதையடுத்து நாடு தழுவிய பொது ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் பெரிய வாகன ஆலைகளோடு சேர்ந்து, அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகளும், ஷிப்டு முடித்து வரும் தொழிலாளர்களை நம்பி நடந்த மெஸ்களும், ஜி.எஸ்.டி. சாலையோரத் தேநீர்க் கடைகளும் தள்ளுவண்டிகளும் வருமானத்தை இழந்தன. மே மாதத் தளர்வுகளுக்குப் பின் பட்டறைகள் ஓரளவு ஓடத் தொடங்கிய நிலையில், சென்னைக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் ஜூன் 19 முதல் மீண்டும் விதிக்கப்பட்ட முழு ஊரடங்கில் மறைமலை நகர் நகராட்சியும் சேர்க்கப்பட்டது. அந்த மாதங்களில் அரசும் வங்கிகளும் உள்ளாட்சியும் சிறுதொழில்களுக்கு என்ன செய்தன என்பது குறித்துச் சில நம்பிக்கைகள் இன்றும் உறுதியாகப் பேசப்படுகின்றன. அவற்றுள் சில, நடக்காத முறைகேட்டை நடந்ததாகச் சொல்கின்றன. சில, உண்மையிலேயே இருந்த குறையை மறைத்துவிடுகின்றன. அடுத்த பேரிடரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இவையே தீர்மானிக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

நம்பிக்கை: “கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கொடுக்கச் சொல்லி நகராட்சிக்குப் பணம் வந்தது, அது நம் கைக்கு வந்து சேரவில்லை.”

அப்படி ஒரு நிதி நகராட்சிகளுக்கு ஒதுக்கப்படவே இல்லை. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதலும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவற்றுள் எவை, எந்த அளவு நிதியோடு, நகராட்சியிடம் வந்து சேரும் என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டிய தொழில்வரி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகள் அனைத்துக்குமாக ஒதுக்கப்படும் 10 விழுக்காட்டிலிருந்து வரும் பங்கு ஆகியவற்றைக் கொண்டு ஒரு நகராட்சி சம்பளம் கொடுத்து, குடிநீர் வழங்கி, குப்பை அள்ளி, தெருவிளக்கு எரிக்கிறது. பெருந்தொற்றில் கிருமிநாசினி தெளிப்பும் நோய்த்தடுப்புப் பகுதிகளின் பராமரிப்பும் அந்தச் செலவோடு சேர்ந்துகொண்டன.

பேரிடர் நிதியிலும் கடைக்காரருக்கு இடம் இருக்கவில்லை. கொரோனாவை மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து செலவு செய்யத்தக்க பேரிடராக மத்திய அரசு 2020 மார்ச் 14 அன்று அறிவித்தது. ஆனால் தனிமைப்படுத்தும் முகாம், பரிசோதனை, பாதுகாப்புக் கருவிகள் போன்ற இனங்களுக்கே அந்தப் பணம் அனுமதிக்கப்பட்டது. வெள்ளம், புயல் போன்றவற்றுக்கான வழக்கமான நெறிமுறைகளிலும் உழவர், மீனவர், கைத்தறி மற்றும் கைவினைத் தொழிலாளர் ஆகியோருக்கு இழப்பீட்டு இனங்கள் உண்டு. மூடிக்கிடந்த கடையின் வருமான இழப்புக்கென ஓர் இனம் கிடையாது. முதலமைச்சர் அறிவித்த சலுகையின்படி சொத்துவரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்தும் கெடு 2020 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டதைப் பலர் வரித் தள்ளுபடி என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அது கால நீட்டிப்பு மட்டுமே. அதன் பலனும் வரி கட்டும் கட்டட உரிமையாளருக்குத்தான் உரியது, அவரிடம் மாத வாடகைக்குக் கடை எடுத்தவருக்கு இல்லை.

இந்த நம்பிக்கையை மறுத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதன் அடியில் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, சிறு வணிகங்களுக்கான வரிச்சலுகை பெற்று வந்த கடைகளுக்கு 10,000 பவுண்டும், நடுத்தர அளவுள்ள சில்லறைக் கடைகள், உணவகங்கள் முதலியவற்றுக்கு 25,000 பவுண்டும் திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமாக உள்ளூர் மன்றங்கள் வழியே வழங்கப்பட்டன. பணம் மத்திய அரசுடையது, கொடுத்த கை உள்ளூர் மன்றத்துடையது. யாருக்குக் கொடுப்பது என்ற குழப்பம் பெருமளவு எழாததற்குக் காரணம், வணிகக் கட்டடத்தைப் பயன்படுத்துபவரின் பெயரிலேயே வரிப் பதிவேடு மன்றத்திடம் இருந்ததுதான். அந்தப் பதிவேட்டில் இல்லாத சந்தை வியாபாரிகளும் பகிர்ந்த இடங்களில் தொழில் செய்தவர்களும் முதலில் விடுபட்டுப்போக, மே மாதத்தில் மன்றங்களே தம் விருப்புரிமைப்படி பகிர்ந்தளிக்கத் தனி நிதி தரப்பட்டது. உதவி என்பது பணத்தின் அளவைவிட முதலில் பட்டியலின் தரத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறைமலை நகரில் பணமும் இல்லை, முழுமையான பட்டியலும் இல்லை, அவற்றைக் கேட்டுப் பெற வேண்டிய மன்றமும் இல்லை. தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கும் 2021 அக்டோபர் வரை தேர்தல் நடைபெறவில்லை. எனவே முதலிரண்டு அலைகளின் போதும் இந்தத் தொழிற்பகுதியில் நகரத்திலும் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினர். அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் ஒரு தெருவில் எத்தனை கடைகள் அடைபட்டன என்று கேட்டு வந்து தீர்மானம் கொண்டுவரும் கடமை வார்டு உறுப்பினருக்கே உரியது. அந்த இடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்தது என்பதுதான் இதில் உண்மையான குறை.

நம்பிக்கை: “தள்ளுவண்டிக்காரர்களுக்கு அரசு 10,000 ரூபாய் இனாமாகக் கொடுத்தது.”

2020 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டம் கடன் திட்டமே. அதன்படி, 2020 மார்ச் 24ஆம் தேதியிலோ அதற்கு முன்போ நகரப் பகுதியில் வியாபாரம் செய்து வந்த தெரு வியாபாரிக்கு, அடமானம் எதுவும் இல்லாமல் 10,000 ரூபாய் வரை, அதாவது சரக்கு வாங்கி அன்றாட வியாபாரம் நடத்துவதற்கான நடைமுறை மூலதனத்தை, வங்கி ஓராண்டுத் தவணையில் தந்தது. தவணை தவறாமல் கட்டியவரின் கணக்கில் 7 விழுக்காட்டு வட்டி மானியம் சேர்ந்தது. அவர் அடுத்த சுற்றில் 20,000 ரூபாயும் அதன்பின் 50,000 ரூபாயும் கேட்கலாம் என்றும் வகுக்கப்பட்டது. இனாம் என்று நம்பித் தவணையை நிறுத்தியவர் வட்டி மானியத்தையும் அடுத்த சுற்றுக் கடனையும் இழந்ததோடு, வங்கிப் பதிவில் கடன் தவறியவராகவும் ஆனார். ஒரு தவறான சொல் ஏழை வியாபாரிக்கு எவ்வளவு கேடு செய்யும் என்பதை இந்தத் திட்டத்தில் நேரடியாகக் காணலாம்.

நகராட்சிக்கு இத்திட்டத்தில் பணம் கொடுக்கும் வேலை இல்லை. ஆனால் கதவைத் திறக்கும் சாவி அதனிடமே இருந்தது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து, ஆணையரின் தலைமையில், 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அமர்ந்த நகர விற்பனைக் குழுவின் வழியாகச் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் விடுபட்டவரும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவரும், உள்ளாட்சி தரும் பரிந்துரைக் கடிதத்தைக் கொண்டு விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. இந்தக் கடிதம் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் இட்லி விற்கும் பெண்ணுக்கு, அவர் ஒரு வணிகர் என்று அரசு ஒப்புக்கொண்ட முதல் ஆவணம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். அதே பெண் நகராட்சி எல்லைக்கு வெளியே, ஒரகடம் போன்ற ஊராட்சிப் பகுதியின் ஆலை வாசலில் விற்றிருந்தால் திட்டம் அவரைத் தொடவில்லை. நாட்டின் பெரும் வாகன ஆலைகள் நிற்கும் இடம் சட்டத்தின் கண்ணுக்குக் கிராமமாகவே இருந்தது. கிராமங்களுக்கென உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஊரகப் புத்தாக்கத் திட்டம் 300 கோடி ரூபாய் கொரோனா சிறப்பு நிதியை அறிவித்தது. ஆனால் அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட 120 வட்டாரங்களில் மட்டுமே இயங்கிய திட்டம்.

நம்பிக்கை: “சிறுதொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் கொடுத்தார்கள்.”

2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அந்தத் தொகை உத்தரவாதத்தின் வரம்பாகும். வங்கி தன் பணத்தைக் கடனாகக் கொடுக்க, அது திரும்பி வராவிட்டால் இழப்பை மத்திய அரசின் உத்தரவாத நிறுவனம் முழுமையாக ஏற்கும் என்பதே ஏற்பாடு. கடன் பெற்றவரின் பொறுப்பு இதனால் சிறிதும் குறையவில்லை. தொடக்க விதிகளின்படி 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை, புதிய அடமானம் இல்லாமல், நான்காண்டுத் தவணையில், வங்கிகளில் 9.25 விழுக்காட்டை மிகாத வட்டியில் பெறலாம். முதல் ஓராண்டு அசலைக் கட்ட வேண்டியதில்லை. 10 லட்சம் ரூபாய்க் கடன் நிலுவை வைத்திருந்த பட்டறைக்கு 2 லட்சம் கிடைத்தது. வங்கியில் கடனே வாங்காமல் சொந்தச் சேமிப்பிலும் நகையடகிலும் கைமாற்றிலும் நடந்த பட்டறைக்கு, 20 விழுக்காட்டுக் கணக்கின்படி கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை. மிகச் சிறியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர் என்பதால், திட்டத்தின் பயன் ஏற்கெனவே வங்கியின் பார்வையில் இருந்தவர்களிடமே நின்றது. அதனால் அதைப் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. சம்பளம் கொடுத்து ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள அது பல பட்டறைகளுக்கு உதவியது. நிவாரணம் என்று அதை அழைப்பதுதான் பிழை.

மறைமலை நகரில் இந்த ஏற்பாடு ஒரு கொடிய தற்செயலோடு மோதியது. 2020 கோடையில் கடன் பெற்றவர்களுக்கு ஓராண்டுச் சலுகை முடிந்து அசல் தவணை தொடங்கிய 2021இன் பிற்பாதியில், இரண்டாம் அலையின் காயம் ஆறுவதற்குள், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022 நடுப்பகுதியில் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலையின் ஆர்டரை நம்பியே கடன் வாங்கிய உதிரிபாகப் பட்டறைக்கு ஆர்டர் போனது, தவணை மட்டும் மிஞ்சியது. பெருந்தொற்று என்னும் பொதுவான இடருக்காக வகுக்கப்பட்ட திட்டம், ஓர் ஊரை மட்டும் தாக்கும் இரண்டாவது இடரை எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணக்கூடிய அமைப்பு உள்ளூரில்தான் இருந்திருக்க முடியும்.

நம்பிக்கை: “ஆறு மாதத் தவணையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.”

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அனுமதித்து, பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது தவணை ஒத்திவைப்பே; வட்டி நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. 12 விழுக்காட்டு வட்டியில் 5 லட்சம் ரூபாய் நிலுவை வைத்திருந்தவருக்கு ஆறு மாதத் தனிவட்டி 30,000 ரூபாய். மாதந்தோறும் வட்டிக்கு வட்டி கணக்கிட்டால் ஏறத்தாழ 30,760 ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்கின் ஊடே, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு 2020 அக்டோபரில் ஏற்றது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 760 ரூபாயைத்தான். கூட்டு வட்டி எவரிடமும் வசூலிக்கப்படக் கூடாது என்று 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பும், தனிவட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

நம்பிக்கை: “உத்யம் பதிவு இருந்தால் எல்லாச் சலுகையும் கிடைக்கும்.”

2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் பதிவு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இணையவழி அடையாளம். பொருள் உற்பத்தி செய்பவருக்கும் சேவை அளிப்பவருக்கும் அது முழுப் பயன் தருகிறது. வாங்கி விற்கும் மளிகைக் கடைக்காரர் 2021 ஜூலை 2 அன்றுதான் அதில் சேர்க்கப்பட்டார். அதுவும் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்காக மட்டுமே. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கோ இந்தப் பதிவு கடனைவிடப் பெரிய ஓர் ஆயுதத்தைத் தருகிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவோர்தான் குறைவு. 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு பெற்றவர் ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். அந்த விகிதம் 4.25 விழுக்காடாக இருந்த 2020இன் பிற்பாதியில்கூட இது 12.75 விழுக்காடு. நிலுவையை வசூலிக்க மாநில அரசின் வசதியாக்க மன்றத்திடம் முறையிடலாம். ஆயினும் அடுத்த ஆர்டரும் அதே நிறுவனத்திடமிருந்தே வர வேண்டியிருப்பதால் பட்டறைக்காரர் முறையிடத் தயங்குகிறார். தனக்கு வர வேண்டிய பணம் பெரிய நிறுவனத்திடம் முடங்கிக் கிடக்க, சம்பளம் போட அவரே 9 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். நிலுவையை உரிய நாளில் பெற்றுத் தந்திருந்தால் அந்தக் கடனில் ஒரு பகுதிக்குத் தேவையே எழுந்திருக்காது.

2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஸ்வநிதி திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் சுற்றுக் கடனை 15,000 ரூபாயாகவும் இரண்டாம் சுற்றை 25,000 ரூபாயாகவும் உயர்த்தியதோடு, சட்டப்படி நகரமாக அறிவிக்கப்படாத புறநகர்ப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்த ஒப்புதல் அளித்தது. ஒரகடத்து ஆலை வாசல்களுக்கு இது முதன்முறையாக வழி திறக்கக்கூடும். ஆனால் அங்கும் வியாபாரியின் பெயரை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். மறைமலை நகரில் 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் முடிகிறது. தெரு வியாபாரிகளின் கணக்கெடுப்புக்குச் சட்டம் குறித்த இடைவெளியும் அதே ஐந்தாண்டுதான். வாடகைக் கடைகள், மெஸ்கள், ஷெட்டுக்குள் இயங்கும் பட்டறைகள் ஆகியவற்றை நடத்துபவரின் பெயரிலேயே பதிவு செய்யும் ஒரு வார்டு வாரியான பதிவேட்டை அந்தக் கணக்கெடுப்போடு சேர்த்து எடுக்க, நகராட்சி எந்தப் பேரிடர் நிதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.