எம்.க்யூவுக்கு வேண்டாத கைவைத்தியங்கள்

இங்கிலாந்தில் உள்ள ஹர்ஸ்லி ஆய்வகத்தில் உருவாகி, 1993இல் எம்.க்யூ.சீரிஸ் என்ற பெயரோடு வெளியானது ஐ.பி.எம்.மின் செய்திப் பரிமாற்ற மென்பொருள். 2002இல் வெப்ஸ்பியர் எம்.க்யூ என்று பெயர் மாறி, 2014 முதல் ஐ.பி.எம். எம்.க்யூ என்றாகிவிட்டது. ஒரு பயன்பாடு அனுப்பும் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, எதிர்முனை அப்போது இயங்காமல் கிடந்தாலும் எழுந்ததும் அதன் கையில் சேர்ப்பதுதான் இதன் வேலை. ஒழுங்காக நிறுவிவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் ஓடும். வம்பே அதில்தான் இருக்கிறது. நிறுவியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மிச்சமிருப்பது ஒரு ரன்புக், அதாவது எந்தப் பிழைக்கு எந்தக் கட்டளை என்று சொல்லும் கையேடு. சென்னை ஓ.எம்.ஆரில் இரவு ஷிஃப்ட் உட்கார்ந்து எங்கோ இருக்கும் வங்கியின் க்யூ மேனேஜரை, அதாவது செய்தி வரிசைகளை நடத்தும் எம்.க்யூ நிரலைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்த ரன்புக்தான் வேதம். அதில் உள்ள சில கட்டளைகள் நோயைக் குணமாக்குவதில்லை. நோய் இன்னதென்று காட்டும் தடயத்தைத்தான் அழிக்கின்றன.

"ஒருமுறை நிறுத்தி ஏற்றினால் சரியாகிவிடும்"

சரியாவது போலத் தெரியும். ஆனால் எம்.க்யூவில் செய்திகள் இரண்டு வகை. பெர்சிஸ்டென்ட் செய்தி வட்டில் பதிவாகிறது. மின்சாரம் போனாலும் மீண்டு வரும். நான்-பெர்சிஸ்டென்ட் செய்தியோ, க்யூ மேனேஜர் மறுபடி எழும்போது கழித்துக்கட்டப்படும். க்யூவுக்கு என்.பி.எம்.கிளாஸ் என்ற பண்பை 'ஹை' என்று வைத்திருந்தால், முறையாக நிறுத்தும்போது அவற்றையும் காப்பாற்றப் பார்க்கும். அதுகூட உத்தரவாதம் அல்ல. ஆக, 'ஒருமுறை நிறுத்தி ஏற்றியதே' செய்தி காணாமல் போனதற்குக் காரணமாக இருக்கலாம்.

"எம்.க்யூ செய்தியைத் தொலைக்கவே தொலைக்காது" என்பது இதன் உடன்பிறப்பு. அந்த வாக்குறுதி பெர்சிஸ்டென்ட் செய்திக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. ஜே.எம்.எஸ். வழியாக ஜாவாவில் எழுதுபவர் எதுவும் சொல்லாவிட்டால் செய்தி பெர்சிஸ்டென்ட்டாகப் போகும். சி மொழியில் நேரடியாக எம்.க்யூவை அழைப்பவர் எதுவும் சொல்லாவிட்டால் 'க்யூ எப்படிச் சொல்கிறதோ அப்படி' என்று பொருள். க்யூவின் இயல்பு நிலையோ 'நான்-பெர்சிஸ்டென்ட்'. ஒரே நிறுவனத்தில் ஜாவாக்காரர் "எனக்கு ஒன்றும் தொலைந்ததில்லையே" என்பார், சி நிரலாளர் "போன வாரம்கூடப் போனது" என்பார். இரண்டும் உண்மைதான்.

சரி, க்யூவின் இயல்பு நிலையை மாற்றிவிடலாம் என்று போனால் அங்கே ஒரு பள்ளம். பயன்பாடு ஒரு ஏலியஸ் க்யூவையோ ரிமோட் க்யூவையோ திறந்து, அது வேறொன்றுக்கு வழிகாட்டுகிறது என்றால், வழியில் முதலில் வரும் வரையறையில் உள்ள மதிப்புதான் செல்லும். கடைசியில் இருக்கும் லோக்கல் க்யூவில் மாற்றிவிட்டு "மாற்றியும் பலனில்லை" என்று டிக்கெட் போடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஏற்கெனவே க்யூவில் கிடக்கும் செய்திகளின் குணமும் இதனால் மாறாது. இது போதாதென்று, சேனல்கள் இயல்பாகவே நான்-பெர்சிஸ்டென்ட் செய்திகளை வேகவழியில், பரிவர்த்தனைக்கு வெளியே அனுப்புகின்றன. நடுவழியில் இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி போனது போனதுதான். யாரையும் நிறுத்தி ஏற்றத் தேவையே இல்லை.

நிறுத்தினால் இன்னொன்றும் போகிறது. எந்தப் பயன்பாடு எந்த க்யூவைத் திறந்து வைத்திருந்தது, எந்தப் பரிவர்த்தனை எத்தனை மணிக்குத் தொடங்கிக் கமிட் ஆகாமல் தொங்கியது என்ற விவரமெல்லாம் அந்த நிமிடத்தின் விவரம். அதை எடுத்து வைக்காமல் நிறுத்திவிட்டு, மறுநாள் காரணம் கேட்டால் யார் சொல்வது?

"ஆழம் 40 காட்டுகிறது, எடுத்தால் ஒன்றுமில்லை, மென்பொருள் கோளாறு"

கோளாறு இல்லை. ஆழம் என்று காட்டும் எண்ணில் இன்னும் கமிட் ஆகாமல் உள்ளே போடப்பட்ட செய்திகளும் அடக்கம். அவை எண்ணிக்கையில் உண்டு, கைக்கு வராது. எடுக்கப் போனால் 2033, அதாவது 'செய்தி இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். ஆயுள் முடிந்தும் இன்னும் துடைக்கப்படாத செய்திகளும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கும். மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பயன்பாடு எடுத்துவிட்டு இன்னும் கமிட் செய்யாத செய்தியை இந்த எண் கழித்துவிடும். அதனால்தான் ஆழம் பூஜ்யம் என்று நிம்மதியாக இருக்கும்போது, அந்தப் பயன்பாடு விழுந்ததும் 'எங்கிருந்தோ' நூறு செய்திகள் முளைக்கின்றன. அவை ரோல்பேக் ஆகித் திரும்பியவை. க்யூவின் ஸ்டேட்டஸைக் கேட்டால் கமிட் ஆகாதவை இருக்கின்றனவா என்று சொல்லிவிடும். இணைப்புகளின் பட்டியலைக் கேட்டால் யாருடைய பரிவர்த்தனை எப்போது தொடங்கியது என்றும் சொல்லும். இரண்டு கட்டளை, அவ்வளவுதான்.

"2053 வந்தால் ஆழத்தின் வரம்பைக் கூட்டு"

2053 என்றால் 'க்யூ நிறைந்துவிட்டது'. லினக்ஸிலும் விண்டோஸிலும் க்யூவின் இயல்பான வரம்பு 5,000 செய்திகள். 99,99,99,999 வரை உயர்த்தலாம். உயர்த்துவதற்கு முன்னால், படிப்பதற்காக அந்த க்யூவைத் திறந்து வைத்திருப்போர் எத்தனை பேர் என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் படிக்க ஆளே இல்லை. வரம்பைக் கூட்டுவது, அந்த விஷயத்தை உரியவர்களுக்குச் சொல்லாமல் சில மணி நேரம் தள்ளிப்போடுவது மட்டுமே.

"2035 வந்தால் பயனரை எம்.க்யூ.எம். குழுவில் சேர்த்துவிடு"

2035 என்றால் 'அனுமதி இல்லை'. எம்.க்யூ.எம். என்பது நிர்வாகிகளின் குழு. பயனரை அதில் சேர்ப்பது பழைய பதிப்புகளில் வேலை செய்தது. செய்யக் கூடாதது என்றாலும் செய்தது. அதனால்தான் இன்றும் ரன்புக்குகளில் உயிரோடு இருக்கிறது. 2011இல் வந்த 7.1 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் க்யூ மேனேஜரில் சேனல் அங்கீகார விதிகள் இயல்பாகவே இயங்கும். நிர்வாகி அதிகாரம் உள்ளவர்கள் வெளியிலிருந்து கிளையண்ட் சேனல் வழியே வரக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. அதாவது, நீங்கள் அவரை நிர்வாகிக் குழுவில் சேர்த்த கணமே அந்த விதி அவரைப் பிடித்து வெளியே தள்ளும். 8.0 பதிப்பு வந்ததும் கடவுச்சொல் சரிபார்ப்பும் சேர்ந்தது. இயல்பு நிலையில் அது கடவுச்சொல் கேட்பது நிர்வாகிகளிடம்தான். கதவைத் திறக்கப் போய் இன்னொரு பூட்டைப் போடுகிறோம்.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். குழுவில் சேர்த்தும் 2035 போகாது. யாரோ ஒருவர் விதிகளையே மொத்தமாக அணைத்துவிடுவார், அல்லது சேனலில் எம்.சி.ஏ. யூசர் என்ற இடத்தில் நிர்வாகியின் பெயரை எழுதிவிடுவார். பிரச்சினை தீர்ந்தது, டிக்கெட் மூடப்பட்டது. இனி க்யூ மேனேஜரின் 1414 போர்ட்டைத் தொட முடிகிற எவரும் அதன் நிர்வாகி ஆகிவிடக்கூடும். நிர்வாகிக்கு சர்வீஸ் என்ற பொருளை உருவாக்கும் உரிமை உண்டு. அதன் வழியே சர்வரின் இயங்குதளத்தில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். ஒரு க்யூவைப் படிக்க அனுமதி கேட்டவருக்கு சர்வரின் சாவியையே கொடுத்திருக்கிறோம்.

2035 என்ற எண் வேண்டுமென்றேதான் மொட்டையாக இருக்கிறது. வெளியே நிற்பவருக்கு ஏன் மறுத்தோம் என்று விளக்கம் சொல்லக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. விளக்கம் உள்ளே, க்யூ மேனேஜரின் பிழைப் பதிவில் இருக்கிறது. 9776, 9777 என்றால் சேனல் விதி தடுத்திருக்கிறது. 5534 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பில் தோற்றிருக்கிறது. 8077 என்றால் ஆள் உள்ளே வந்துவிட்டார், குறிப்பிட்ட பொருள்மீது உரிமை இல்லை. எந்தப் பொருள், எந்த உரிமை என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த ஒரு உரிமையைக் கொடுத்தால் போதும். அதிலும் ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் இயல்பு அமைப்பில் ஒரு பயனருக்கு என்று நீங்கள் கொடுக்கும் உரிமை, அவருடைய முதன்மைக் குழு முழுவதற்கும் போய்ச் சேரும். 'எல்லாருக்கும் ஒரே குழு' என்று வைத்திருக்கும் இடங்களில் இதன் பொருளைத் தணிக்கையாளர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

"வட்டு நிறைந்தால் லாக் கோப்புகளை அழிக்கலாம்"

எம்.க்யூவில் லாக் என்ற பெயரில் இரண்டு இடங்கள். எர்ரர்ஸ் அடைவில் இருப்பது பிழைப் பதிவு, படிப்பதற்கானது. லாக் அடைவில் இருப்பது மீட்புப் பதிவு. பெர்சிஸ்டென்ட் செய்திகளின் உயிர் அதில்தான். இயங்குதளக் குழுவைச் சேர்ந்த ஒருவர், 'பழைய லாக்தானே' என்று இரண்டாவதில் கைவைத்தால் க்யூ மேனேஜர் மறுபடி எழாது. வட்டச் சுழற்சி முறையில் அமைத்திருந்தால் அந்தக் கோப்புகள் அமைத்த வரம்பைத் தாண்டி வளராது. வட்டு நிறைந்ததற்கு அவை காரணமாக இருப்பதும் அரிது. நேர்கோட்டு முறையில் அமைத்திருந்தால் வளரும். அங்கே 7467, 7468 என்ற இரண்டு அறிவிப்புகள், மீண்டும் எழுவதற்கும் சேதமான க்யூவை மீட்பதற்கும் தேவைப்படும் மிகப் பழைய கோப்பு எது என்று பெயர் சொல்லியே தெரிவிக்கும். அதற்கு முந்தையதைத்தான் தொடலாம். புதிய பதிப்புகளில் இந்த வேலையை க்யூ மேனேஜரிடமே விட்டுவிடும் வசதி வந்துவிட்டது; விட்டுவிடுவதே நல்லது.

"சேனல் சிக்கினால் ரீசெட் செய், ரிசால்வ் செய்"

சேனல் ரீட்ரையிங் நிலையில் இருந்தால் அநேகமாகச் சேனலில் ஒன்றுமில்லை. எதிர்முனையில் லிஸனர் ஓடவில்லை, ஃபயர்வால் விதி மாறியது, சான்றிதழ் காலாவதியானது, இப்படி ஏதாவது ஒன்று. காரணம் நீங்கினால் தானாக ஓடும். ஆனால் குறுகிய இடைவெளி முயற்சிகள் 10 முடிந்ததும், இயல்பாக 1,200 விநாடிக்கு ஒருமுறைதான் முயலும். 'சரிசெய்தோம், இன்னும் ஓடவில்லை' என்று பதறுவது அந்த 20 நிமிட இடைவெளிக்குள் நடப்பது. கையால் ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

இன்-டவுட் நிலை வேறு. அனுப்பும் முனை ஒரு தொகுதிச் செய்திகளைக் கொடுத்துவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும்போது இணைப்பு போயிருக்கிறது. எதிர்முனை அந்தத் தொகுதியைக் கமிட் செய்ததா இல்லையா என்று இந்த முனைக்குத் தெரியாது. இணைப்பு மீண்டால் இருவரும் பேசித் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள். எதிர்முனை இனி வரவே வராது, அல்லது வேறு சர்வரில் எழப்போகிறது என்றால்தான் மனிதர் ரிசால்வ் கட்டளையோடு தலையிட வேண்டும். தலையிடுபவர் ஊகிக்க வேண்டியதில்லை. அனுப்புபவரிடம் நடப்புத் தொகுதியின் அடையாள எண் இருக்கிறது. பெறுபவரிடம் கடைசியாகக் கமிட் செய்த தொகுதியின் எண் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்றால் கமிட். வேறு என்றால் பேக்அவுட். தவறாகக் கமிட் செய்தால் செய்திகள் அழியும், தவறாகப் பேக்அவுட் செய்தால் இரண்டு முறை போகும். பணம் அனுப்பும் செய்திகளாக இருந்தால் இரண்டில் எது மோசம் என்று வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

வரிசை எண் பொருந்தவில்லை என்ற 9526 பிழைக்கும் இதே நிதானம் தேவை. ஒரு முனையைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டிருப்பார்கள், அல்லது அழித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். எண் ஏன் மாறியது என்று தெரிந்த பிறகு ரீசெட் செய்வதில் தவறில்லை.

"கிளஸ்டர் இருக்கிறது, விழுந்தாலும் கவலையில்லை"

கிளஸ்டர் புதிய செய்திகளுக்கு வழி தேர்ந்தெடுத்துத் தரும். விழுந்த க்யூ மேனேஜரின் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் செய்தி, அது எழும்வரை அங்கேயேதான். பயன்பாடு இயல்பான பைண்ட்-ஆன்-ஓபன் முறையில் க்யூவைத் திறந்திருந்தால், திறந்தபோது தேர்ந்த ஒரே க்யூ மேனேஜருக்குத்தான் அடுத்தடுத்த செய்திகளும் போகும். அது விழுந்துவிட்டாலும் அதற்கே காத்துக் கிடக்கும். செய்தியே பிழைக்க வேண்டுமென்றால் மல்டி-இன்ஸ்டன்ஸ் அமைப்போ, மூன்று சர்வர்களில் தரவைப் பிரதியெடுக்கும் ஆர்.டி.க்யூ.எம். அமைப்போ வேண்டும்.

"டெட் லெட்டர் க்யூ குப்பைத் தொட்டி; நிறைந்தால் காலி செய்"

உரிய க்யூவைச் சேர முடியாத செய்திகள் ஒதுங்கும் இடம் இது. இங்கே வந்து சேரும் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 172 பைட் தலைப்பு ஒட்டப்படுகிறது. எந்த க்யூவுக்குப் போக இருந்தது, எந்தக் காரண எண்ணால் போகவில்லை, எந்தப் பயன்பாடு எப்போது போட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. காலி செய்பவர் இத்தனையையும் சேர்த்துத்தான் அழிக்கிறார். திரும்ப அனுப்புவதற்கென்றே ஒரு கையாளும் நிரல் எம்.க்யூவோடு வருகிறது, விதிகளை எழுதிக் கொடுத்தால் காரணத்துக்கு ஏற்ப மீண்டும் முயலும்.

அந்த 172 பைட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. க்யூக்களின் இயல்பான உச்ச செய்தி அளவு 4 எம்.பி.; டெட் லெட்டர் க்யூவுக்கும் அதையே விட்டிருந்தால், சரியாக 4 எம்.பி. வரும் செய்தி தலைப்போடு சேர்ந்து அதற்குள் நுழையாது. அது பெர்சிஸ்டென்ட் என்றால் சேனல் நின்றுவிடும். அந்தச் சேனலை நம்பியிருக்கும் மற்ற பயன்பாடுகளும் சேர்ந்து நிற்கும். டெட் லெட்டர் க்யூ நிறைந்தாலும் இதே கதி. புதிதாக உருவாக்கும் க்யூ மேனேஜரில் அந்தப் பெயரில் ஒரு க்யூ இருக்கும். ஆனால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் எழுதி வைக்காவிட்டால் க்யூ மேனேஜர் அதைத் திரும்பியும் பார்க்காது.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது நஞ்சுச் செய்தி. வடிவம் கெட்ட ஒரு செய்தியைப் பயன்பாடு எடுக்கும், தடுமாறும், ரோல்பேக் செய்யும், மறுபடி அதையே எடுக்கும். ஆழம் அசையாது, சி.பி.யு. மட்டும் எரியும். க்யூவில் பேக்அவுட் வரம்பு, பேக்அவுட் க்யூ என்று இரண்டு பண்புகள் இருப்பதால், வரம்பு தாண்டினால் எம்.க்யூவே நகர்த்திவிடும் என்று நம்புகிறார்கள். நகர்த்தாது. எத்தனை முறை திரும்பியது என்று செய்தியில் எண்ணி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஜே.எம்.எஸ். நூலகம் அந்தப் பண்புகளைப் படித்துத் தானே நகர்த்துகிறது. சி மொழியில் எழுதினால் நிரலாளர்தான் படித்து நகர்த்த வேண்டும். அவர் எழுதாமல் விட்ட அந்த நாலைந்து வரிக்காக நள்ளிரவில் டிக்கெட் வருவது என்னவோ அட்மினின் பெயருக்குத்தான்.