சமச்சீர்க் கோடு கற்பிக்குமாறு

தமிழ் பயில்வார்க்குக் கணித வகுப்பில் என்ன அலுவல் என வினவுவார் இருக்கலாம். வினா முறையானதே. ஆயினும் சமச்சீர் என்பது கணிதர்க்கு மட்டும் உரிய பொருளன்று; எழுத்திலும் இலையிலும் கோலத்திலும் சிறுவர் நாடோறும் காண்பது அது. அதனை நடுநிலைப்பள்ளி மாணாக்கர்க்குக் கற்பிக்குங்கால் நேரும் ஓர் இடர்ப்பாட்டையும், அதனை நீக்கும் நெறியையும் ஈண்டு ஆராய்வோம்.

ஓர் உருவத்தை ஒரு கோட்டின்வழி மடிக்குங்கால் ஒரு பாதி மற்றப் பாதியின்மேல் மிகாமலும் குறையாமலும் பொருந்துமாயின், அக்கோடு சமச்சீர்க் கோடு எனப்படும். மாணாக்கர் இவ்விலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்துவிடுவர். ஆனால் அவர் உள்ளத்தில் தங்குவது, ‘இரு சமபாகமாகப் பிரிக்குங் கோடு’ என்னும் வேறோர் இலக்கணமே. சதுரமல்லாத செவ்வகமொன்றை வரைந்து, அதன் மூலைவிட்டம் சமச்சீர்க் கோடாகுமோ என வினவின், ஆகும் என்பார் பலர். நாம் சென்று பாடம் நடத்திய பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “இரண்டு முக்கோணமும் ஒரே அளவுதானே, ஐயா? வெட்டிக் காட்டட்டுமா?” என்று வாதித்தாள்.

அவள் கூறியது மெய். வெட்டிய துண்டை மேசைமேல் அரைவட்டம் சுழற்றி வைப்பின் மற்றதனோடு பொருந்தவே செய்யும். “தவறு, உட்கார்” என்று அவளை அடக்குதல் எளிது. அடக்கினாலோ, உண்மை கூறிய அப்பிள்ளை தன் கண்ணையும் கையையும் நம்பாது புத்தகத்து எண்ணை மட்டும் நம்பத் தலைப்படும். சதுரத்திற்கு நான்கு, செவ்வகத்திற்கு இரண்டு, இணைகரத்திற்கு ஒன்றுமில்லை என நெட்டுருப் பண்ணுங் கல்வி இவ்வாறே பிறக்கின்றது.

அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து மூலைவிட்டத்தின்வழி மடிக்கச் செய்தலே தக்கது. மடித்தவுடன் எதிர்மூலைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாது, இரு காதுகள் போல் விலகி நிற்கும். சமம் வேறு, சமச்சீர் வேறு என்பதைத் தாளே கூறிவிடுகின்றது. வெட்டிய துண்டு சுழன்று பொருந்திற்று. மடித்த பாதியோ சுழலாது புரண்டு விழுகின்றது. இணைகரமும், ஆங்கிலப் பேரெழுத்துக்களுள் எஸ், இசட் என்பனவும் சுழற்றினாற் பொருந்துவன, மடித்தாற் பொருந்தாதன.

மடிப்போடு நின்றுவிடலாகாது. இருசமபக்க முக்கோணத் தாளொன்றை நடுவே மடித்து, இரு படையையும் ஊடுருவுமாறு ஊசியால் நாலைந்து இடங்களிற் குத்தி விரித்தால், துளைகள் இணை இணையாகத் தோன்றும். ஒவ்வோர் இணையையும் நேர்கோட்டாற் சேர்த்து, அளவுகோலும் கோணமானியும் கொண்டு அளக்கட்டும். மடிப்புக்கோடு அந்நேர்கோடுகளைச் சரிபாதியாகவும் 90 பாகையிலும் வெட்டுதலைச் சிறுவர் தாமே காண்பர். அதன்பின் செவ்வகத்தின் வழக்கு எளிதில் தீரும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று நடுவே வெட்டினும் செங்கோணத்தில் வெட்டா. சதுரத்திலும் சாய்சதுரத்திலும் செங்கோணத்திலேயே வெட்டுதலின், ஆண்டு மூலைவிட்டங்கள் சமச்சீர்க் கோடுகளாயின.

இனி, நமக்கு மிக விருப்பமான வினா ஒன்று: இரண்டே இரண்டு சமச்சீர்க் கோடுகளையுடைய முக்கோணம் உண்டோ? வகுப்பு முழுவதும் வரைந்து பார்க்கட்டும். விடையை உடனே கூறுதல் வேண்டா. முக்கோணத்திற்கு மூன்றே முனைகள். மடிக்குங்கால் இரண்டு இணையுமாயின், எஞ்சிய ஒன்று மடிப்பின்மேலேயே இருத்தல் வேண்டும். கஉங என முனைகளுக்குப் பெயரிடுவோம். ‘க’ வழியே ஒரு சமச்சீர்க் கோடு சென்றால் கஉ, கங என்னும் பக்கங்கள் சமம். ‘உ’ வழியே மற்றொன்று சென்றால் உக, உங சமம். எனவே மூன்று பக்கங்களும் சமமாயின; மூன்றாங் கோடும் அழையாமலே வந்து சேர்ந்தது! ஆகவே முக்கோணத்திற்கு ஒன்றுமிராது, அல்லது ஒன்று, அல்லது மூன்று. காரணங் காட்டி நிறுவுதல் என்னும் இன்பத்தைப் பன்னிரண்டு வயதிற் சுவைக்க இதனினும் எளிய வாயில் நாமறியோம்.

பயிற்சிக்குத் தமிழ் நெடுங்கணக்கே போதும். ‘ப’ என்பதற்கு நெட்டுக்கோடு ஒன்று உண்டு. ‘ட’ என்பதன் இரு கரங்களையும் ஒத்த அளவினவாக வரைந்தால் சாய்வான கோடொன்று கிடைக்கும். நிமிர்ந்த கோட்டையே தேடிப் பழகிய கண் இதனைக் காணாது. இலக்கண நூலார் முப்பாற்புள்ளி என்ற ஆய்தத்தின் புள்ளிகளைச் சமதூரத்தில் இட்டால் மூன்று கோடுகள். ‘விகடகவி’ என்னுஞ் சொல்லிலும் நடுவே ஒரு கோடு உண்டென எம்போன்ற தமிழ் மாணவர் கூறத் துணிவர். ஆடி அதனை ஒப்பாது. அச்சொல்லிலும், சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்திலும், திரும்பி வருவது எழுத்தின் வரிசையே, வரிவடிவம் அன்று.

இறுதியாக, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பூவரசிலையும், வேப்பங்கொத்தினின்று ஒரு சிற்றிலையும் கொணர்ந்து நடுநரம்பின்வழி மடிக்கட்டும். பூவரசு ஏறக்குறையப் பொருந்தும். வேம்போ, பார்வைக்குச் செம்மையாகத் தோன்றினும், அடிப்புறத்தில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருத்தலின் பொருந்தாது.