பிரதி நூலாகும் வரை

கம்பளை

அன்புள்ள மகளுக்கு,

நாவல் எழுதி முடித்த நாளுக்கும் அது நூலாகக் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் மலையகத்தில் எப்போதும் பல ஆண்டுகள் கிடந்திருக்கின்றன. எழுதும்போது கதை துணைக்கு இருக்கும், பாத்திரங்கள் தூங்கவிடமாட்டார்கள். முடித்த பிறகு வரும் காத்திருப்பில்தான் எழுதுகிறவர் தனித்துப் போகிறார். அனுப்பிய பிரதி திரும்பி வருகிறது, அல்லது வராமலே போகிறது. எழுத்தை விட்டவர்களில் அநேகர் விட்டது இந்த இடத்தில்தான். நாவலாசிரியர்களின் வாழ்க்கையில் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதியும் இதுவே. அதற்குக் கண்டிச் சீமைக்கு வெளியே அதிகம் போக வேண்டியதில்லை.

இலங்கையின் முதல் தமிழ் நாவல் கண்டியில் பிறந்த ஒருவரின் கையால் வந்தது. முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து அப்போது ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாவல் என்ற வடிவத்துக்குத் தமிழில் வாசகரே இன்னும் உருவாகவில்லை. பதிப்பகம் தேடி அலையும் வழியே இல்லாத அந்தக் காலத்தில், பத்திரிகை என்னும் தம் சொந்த மேடையைக் கட்டிக்கொண்டுதான் அவர் எழுதினார். அவருடைய பாடசாலை முயற்சியின் கதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் துணையோடு மீண்டும் தொடங்கியது வேரூன்றி, ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. தம் மக்கள் படித்தால் நிமிர்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்குச் சமய நம்பிக்கையோடு பின்னிக் கிடந்தது. நாவலையும் பாடசாலையையும் செய்தது அந்த ஒரே நம்பிக்கைதான். முதல் தொடக்கத்துக்கும் இரண்டாம் தொடக்கத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் 'அசன்பே சரித்திர'த்தில் கண்டி மலைகள் இல்லை. தேயிலைத் தோட்டமும் இல்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகே தோட்டத்து வாழ்க்கை தமிழ் நாவலுக்குள் உறுதியாக நுழைந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து, லயம் என்னும் வரிசை வீட்டின் காம்பராவுக்குத் திரும்பும் மனிதர்களுக்குப் பாட்டும் கதையும் தாராளமாக இருந்தன. இல்லாதவை பள்ளிக்கூடமும் அச்சும்தான். தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் கீழ் வகுப்புகளோடு நின்றன. ஆகவே மலையக நாவல் தாமதமாக வந்ததற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது தவறு.

சி.வி. வேலுப்பிள்ளையின் வாழ்க்கை இதை நன்றாகக் காட்டும். 1914இல் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவருக்கு வாக்களித்த மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1954இல் தோட்டத்து வாழ்வைப் பற்றிய அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் வந்தது. தமிழில் கதைகள் பத்திரிகைப் பக்கங்களில் வந்து கொண்டிருந்தன. 'வீடற்றவன்' நாவல் நூலானது 1981இல்; அப்போது அவருக்கு வயது 67. 'இனிப் படமாட்டேன்' வந்த 1984இல் அவர் காலமானார். பதவி போயிற்று, வாக்காளர் போயினர், நூலாக்கம் கடைசி வரை பின்தங்கியது. இவ்வளவுக்கும் நடுவில் எழுத்து மட்டும் நிற்கவில்லை. மலையக இலக்கியத்தின் முன்னோடி என்று அவரை இன்று சொல்ல முடிவதற்கு அந்த நிற்காமை ஒன்றே காரணம்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் நூலாயிற்று. கடல் கடந்து தோட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பெண்ணின் பக்கத்திலிருந்து சொன்ன நாவல் அது. அதே நாவலை அவரே ஆங்கிலமாக்கினார். அந்த ஆங்கிலப் பதிப்பு 2006இல்தான் வந்தது. இரண்டுக்கும் இடையில் 42 ஆண்டுகள்.

அந்த 1964இல்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மக்களில் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், மூன்று லட்சம் பேர் இலங்கையில் இருக்கலாம் என்று இரண்டு அரசுகள் கணக்குப் போட்டுக்கொண்டன. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் தலைவிதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இறங்கும் அந்தத் தண்டவாளத்தில் குடும்பங்களோடு வாசகர்களும் எழுதக்கூடியவர்களும் போனார்கள். எழுத்தாளர் ஒருவருக்குப் பிரதி திரும்பி வருவது வருத்தம்தான். தம் வாசகர்களே கண்ணெதிரில் கோச்சி ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் அடுத்த பக்கத்தை எழுத உட்கார்ந்தவர்களின் நெஞ்சுரத்தை எதனால் அளப்பது?

அச்சுக்கு வழி திறந்தது அறுபதுகளில்தான், அதுவும் பத்திரிகை வழியாக. 'வீரகேசரி'யில் எஸ்.எம். கார்மேகம் நடத்திய 'தோட்ட மஞ்சரி' பகுதி தோட்டத்து இளைஞர்களின் பெயர்களை அச்சில் ஏற்றியது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் 'வீரகேசரி'யோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பாயின. அடுத்து ஒரு பொருளாதாரக் காரணமும் சேர்ந்தது. 1970இல் வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவு சுருங்கியது. வாசகரின் பசிக்கு உள்நாட்டில்தான் சமைக்க வேண்டியிருந்தது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிடத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த வாசல் மெல்ல ஒடுங்கியது. வாசல் திறந்திருந்த சில ஆண்டுகளில் உள்ளே நுழைந்தவர்கள், அது திறக்கும் முன்பே எழுதிப் பழகியிருந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். சில காலம் கும்பகோணத்திலும் பின்னர் பதுளையிலும் படித்தார். தாமும் ஆசிரியராகித் தெளிவத்தைத் தோட்டத்தில் பணிபுரிந்தார். அந்தத் தோட்டத்தின் பெயரே அவருக்கு முன்பெயராயிற்று. மேற்சொன்ன போட்டிகளில் பரிசு பெற்றுத்தான் அவர் பெயர் பரவியது. 'மீன்கள்' என்ற அவருடைய சிறுகதை லயத்துக் காம்பரா ஒன்றுக்குள் ஒரு குடும்பம் ஒதுங்க இடமின்றிப் படும் அவமானத்தைச் சொல்வது. அதை எழுத அவர் எங்கும் போய்ச் சேகரிக்க வேண்டியிருக்கவில்லை. பிறந்து வளர்ந்த இடமே அது. வெளியூர்ச் சஞ்சிகைகளின் கதைகளைப் பார்த்து அவற்றைப்போல எழுத முயலும் இளம் எழுத்தாளர்கள் இந்த ஒரு கதையைப் பத்து முறை படிக்கலாம்.

'காலங்கள் சாவதில்லை' 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தபோது அவருக்கு 40 வயது. 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979இல் வந்தது. பிறகு நூல்களுக்கிடையே நீண்ட இடைவெளி. பிழைப்புக்காகக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை, குடும்பம், தமிழர்கள்மீது நடந்த 1983 ஜூலைக் கொடுமை, அதன் பின் நெருக்கடிகால ஆண்டுகள். மூன்று குறுநாவல்கள் கொண்ட 'பாலாயி' 1997இல் வந்தது. மற்றவர்களின் கதைகளைத் தேடித் தொகுப்பதிலும், மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவதிலும் அவர் செலவிட்ட உழைப்புக்கு அளவில்லை. தம் சொந்த நாவல் அச்சேறாத ஆண்டுகளைச் சக எழுத்தாளர்களைப் படிக்கும் ஆண்டுகளாக மாற்றிக்கொண்டார் என்று சொல்வதே சரி. 'குடை நிழல்' நாவல் 2010இல் வந்தது. சந்தேகத்தின் பேரில் கைதாகும் ஒரு மனிதரையும் அவர் குடும்பத்தையும் பற்றிய அந்த நாவல் நூலானபோது அவருக்கு 76 வயது. அவருடைய ஆகச் சிறந்த படைப்பு அதுவே என்று கருத இடமுண்டு. 2013இல் கோவையில் விஷ்ணுபுரம் விருதும், அடுத்த ஆண்டு இலங்கையின் சாகித்திய ரத்னா விருதும் கிடைத்தன. 2022 அக்டோபரில் காலமானார்.

இந்த வாழ்க்கைகளில் நம்பிக்கை என்பது எப்போதும் ஒரு செயலாகவே தென்படுகிறது. கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ கேட்கும் வேண்டுதல் மனதைத் தாங்கிப் பிடிக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறவரிடம் அந்த நம்பிக்கை இருக்கிறதா என்பது மறுநாள் மேசையில்தான் தெரியும். பிரதி திரும்பி வந்த வாரத்தில் அடுத்த கதையின் முதல் பக்கம் எழுதப்பட்டிருந்தால் நம்பிக்கை இருக்கிறது.

மறுப்புகளும் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. காசு இல்லாததால் வரும் மறுப்பு உண்டு. பதிப்பகத்தின் போக்குக்குப் பொருந்தாததால் வருவது உண்டு. படிக்காமலே வருவதும் உண்டு. இவை மூன்றும் நாவலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தொடக்கம் இழுக்கிறது, நடுவில் தொய்கிறது, பேச்சு மொழி புத்தக மொழியாக இருக்கிறது என்று காரணம் சொல்லி வரும் மறுப்பு வேறு வகை. அது கிடைத்தற்கரியது. அப்படிப்பட்ட ஒரு கடிதத்தை ஆறு மாதம் கையில் வைத்துக்கொண்டு நாவலைத் திருத்தி எழுதுவது, பத்துப் பதிப்பகங்களுக்கு அதே பிரதியை அனுப்புவதைவிடப் பயன் தரும்.

அச்சுக்குப் போகும் வழிகள் இன்று பழையபடி ஒன்றிரண்டாக இல்லை. பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளில் சிறுகதை வருவது இன்னும் நல்ல முதல் படி. கொழும்பிலுள்ள கொடகே நிறுவனம் கையெழுத்துப் பிரதிகளுக்கு நடத்தும் போட்டியில் தமிழுக்கும் இடமுண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல்களுக்குச் சர்வதேசத் தராதர எண்ணை வழங்குவதோடு, நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டத்தையும் வைத்திருக்கிறது. சொந்தச் செலவில் அச்சிடுவோர் முன்னூறு, ஐந்நூறு பிரதிகளுக்கு மேல் போகாமல் இருப்பதே அறிவு. வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குவோரால் செலவில் ஒரு பங்கு மீளும், முழுவதும் மீளாது. நகை அடகு வைத்து அச்சிடும் வழக்கம் நம் எழுத்தாளர்களிடம் இருந்திருக்கிறது. அது போற்றத்தக்க தியாகமாகப் பேசப்பட்டாலும், ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு பாரம் வைப்பது சரியல்ல. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் வேறொருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதையும். அதை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

படிக்க வேண்டிய நூல்கள் கடையில் இல்லை என்ற குறையும் இப்போது பெருமளவு தீர்ந்திருக்கிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி இலவசமாகத் தருகிறது. கைப்பேசி ஒன்று இருந்தால் தோட்டத்துக் காம்பராவிலிருந்தே பழைய இதழ்களைப் புரட்டலாம்.

மகளே, 1977இலும் 1983இலும் நடந்த இனக் கலவரங்களில் மலையகத்தில் லயங்களும் கடைகளும் எரிந்தபோது காகிதங்களும் எரிந்தன. இன்று தீ வராவிட்டாலும் மண்சரிவும் மகாவலியின் வெள்ளமும் வருகின்றன. உன் நாவலுக்கு ஒரே ஒரு பிரதி இருப்பது போதாது. இந்தக் கிழமையே இன்னொன்று எடுத்துக் கம்பளைக்கு அனுப்பி வை.

அன்புடன்,
பெரியப்பா